மெரிமாக் கரையில் பெயர் தேடுவோர்



மாசசூசெட்ஸின் வடபகுதியில் குடியிருக்கும் தமிழர்களில் பலர் 495-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரன்ஸ் நகரைக் கடந்துதான் வேலைக்குப் போய்வருகிறார்கள். மெரிமாக் ஆற்றுப் பக்கம் பார்த்தால் செங்கல் மணிக்கூண்டு ஒன்று தெரியும். அது ஏயர் மில். கடிகாரத்தின் ஒவ்வொரு முகமும் 22 அடிக்கு மேல் விட்டம் கொண்டது. லண்டன் பிக் பென் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மில்லுக்கு ஓடியவர்கள் அயர்லாந்து, கியூபெக், இத்தாலி, போலந்து, லித்துவேனியா, சிரியா எனப் பல திசைகளிலிருந்து வந்து இறங்கியவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று விடுமுறை நாட்களில் கையில் காகிதக் கட்டோடு லாரன்ஸிலும் லோவெலிலும் கல்லறைத் தோட்டங்களில் நடக்கிறார்கள், நகர எழுத்தர் அலுவலகங்களில் காத்திருக்கிறார்கள். இந்த உரை அவர்களுடைய தேடலைப் பற்றியது. புலம்பெயர்ந்து வாழும் ஒரு சமூகத்துக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

லோவெல் 1826-ல் தனி ஊரானது. மெரிமாக் அங்கே பாட்டக்கெட் அருவியில் முப்பது அடிக்கு மேல் இறங்குகிறது. அந்த விசையை வாய்க்கால்களில் திருப்பித் தறிகளை ஓட்டினார்கள். முதலில் சுற்றுவட்டாரப் பண்ணை வீட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அயர்லாந்தில் 1840-களில் வந்த பஞ்சத்துக்குப் பிறகு ஐரிஷ்காரர்கள் பெருமளவில் வந்தார்கள். அடுத்து கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள், பிறகு கிரேக்கர், போலந்தியர், போர்த்துகீசியர். ஆற்றின் கீழ்ப்பக்கம் 1840-களில் லாரன்ஸ் எழுந்தது. மேல்பக்கம் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில் அமோஸ்கெக் கம்பெனி வளர்ந்து, உச்சகாலத்தில் சுமார் 17,000 பேருக்கு வேலை கொடுத்து, 1935-ல் மூடியது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ மில் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்களின் உடலமைப்பு பழக்கமானதாக இருக்கும். ஒரு பக்கம் மில், எதிரே கம்பெனி வீடுகள், அதற்கப்பால் கோயில், கடைசியில் இடுகாடு.

மில் தொழிலாளி தன்னைப் பற்றி எழுதிவைத்தது குறைவு. அவரைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள். பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினார், மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று எழுதினார், மில் குமாஸ்தா சம்பளப் புத்தகத்தில் எழுதினார், இறந்த பிறகு மருத்துவர் சான்றிதழில் எழுதினார், கல்தச்சர் கல்லில் செதுக்கினார். ஒவ்வொருவருக்கும் காதில் விழுந்தபடி ஒரு பெயர், சொல்லப்பட்டபடி ஒரு வயது. ஆகவே எந்த ஒரு பதிவையும் தனியாக நம்ப முடியாது. இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் யார் சொல்லி யார் எழுதினார் என்று கேட்டால்தான் ஆள் தெரிய வருகிறார். இந்தத் தேடலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

கல்லிலிருந்து தொடங்கலாம். லோவெலின் புனித பேட்ரிக் கல்லறைத் தோட்டம் 1830-களிலிருந்து இருக்கிறது. அங்கே பழைய பகுதியில் பலகைக்கல்லில் செதுக்கிய ஐரிஷ் நடுகற்கள் நிற்கின்றன. சிலவற்றின் தலைப்பில் மூவிலைக் கொழுந்து இருக்கும். இறந்தவர் பெயருக்குக் கீழே, அவர் அயர்லாந்தின் எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு என்பது பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. கூலிக்காரக் குடும்பம் எழுத்துக்கு எழுத்து காசு கொடுத்துச் செதுக்கிய கல் அது. சொந்த ஊரின் பெயருக்கு அவர்கள் அந்தக் காசைச் செலவழித்தார்கள்.

அந்த ஒரு வரியின் மதிப்பு பின்னால் பன்மடங்கு கூடியது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் ஏறக்குறைய முழுவதும் அதில் போயின. பங்குப் பதிவேடுகளிலும் கணிசமானவை சாம்பலாயின. பஞ்சத்தில் ஓடிவந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை அயர்லாந்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். லோவெலின் கல்லில் கிடைக்கலாம். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்களும் கேட்டு வளர்ந்தவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்லுக்குத் துணையாக ஒரு செய்தித்தாளும் உண்டு. பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க ஐரிஷ் இதழ் 1831 முதல் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள், காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடும் தங்கை, கணவனைத் தேடும் மனைவி. எந்தப் பங்கில் பிறந்தார், எந்தக் கப்பலில் வந்தார், கடைசியாக எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று நாலைந்து வரியில் சொல்லிவிடுவார்கள். சுமார் 40,000 பேரைப் பற்றிய அந்த விவரங்களைப் பாஸ்டன் கல்லூரி தொகுத்துக் கணினியில் தேடும்படி வைத்திருக்கிறது. வாய்க்கால் வெட்டவும் ரயில் பாதை போடவும் போனவர்கள் எப்படிச் சிதறினார்கள் என்பதை இந்த விளம்பரங்களைப்போல வேறெந்த ஆவணமும் காட்டுவதில்லை.

கல்லைப் படிப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். பலகைக்கல் எழுத்தை நன்றாகக் காப்பாற்றும். பளிங்கு அப்படியில்லை, மில் புகையும் அமில மழையும் அதன் மேற்பரப்பைச் சர்க்கரைபோல உதிரவைத்துவிட்டன. மங்கிய எழுத்தைப் படிக்கச் சவர நுரையைத் தடவுவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், சாக்பீஸால் தீட்டுவதும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. இவை கல்லைத் தின்றுவிடும். கண்ணாடி ஒன்றைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்தால் போதும், பள்ளங்களில் நிழல் சேர்ந்து எழுத்து எழும்பி வரும். கைபேசி விளக்கும் அதையே செய்யும். அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீர், மென்மையான தூரிகை. பிறந்த தேதி இல்லாமல் 24 வருடம் 3 மாதம் 5 நாள் என்று ஆயுளை மட்டும் செதுக்கிய கற்கள் ஏராளம். இறந்த நாளிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

கல்லே இல்லாத குழிகள்தான் அதிகம். 1912-ல் லாரன்ஸ் மில்களில் சராசரி வாரக்கூலி 9 டாலரைக்கூட எட்டவில்லை. அந்நகரில் மருத்துவராக இருந்த எலிசபெத் ஷேப்லி, மில்லில் வேலை செய்தவர்களில் 100-க்கு 36 பேர் 25 வயதுக்குள் இறந்தார்கள் என்று அக்காலத்தில் எழுதினார். அந்தக் குடும்பங்கள் கல்லுக்கு எங்கே போகும்? ஆகவே தேர்ந்த தேடலாளர் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதற்கு முன் அதன் அலுவலகத்துக்குப் போகிறார். மனையை யார் வாங்கியது, எப்போது, அதில் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பது அங்குள்ள பதிவேட்டில் இருக்கும். ஒரு பெயர் பொறித்த கல்லுக்கடியில் ஐந்து பேர் இருப்பதுண்டு, பெரும்பாலும் குழந்தைகள். 1900, 1910 கணக்கெடுப்புகளில் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை பிழைத்திருக்கிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மனைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, பெயரே தெரியாமல் போயிருந்த குழந்தைகளைக் குடும்பங்கள் மீட்டிருக்கின்றன.

லாரன்ஸ் வேலைநிறுத்தத்தின்போது இறந்த அன்னா லோபிஸ்ஸோவின் குழிக்கும் நெடுங்காலம் கல் இல்லை. 1912 ஜனவரியில் வேலை நேரத்தை வாரத்துக்கு 56-லிருந்து 54 மணியாக ஒரு சட்டம் குறைத்தது. கம்பெனிகள் கூலியையும் சேர்த்துக் குறைத்தன. 20,000-க்கும் மேற்பட்டவர்கள் மில்லை விட்டு வெளியேறினார்கள். ஜனவரி 29 அன்று தெருவில் நடந்த மோதலில் குண்டு பட்டு இறந்த இத்தாலியப் பெண் அவர். வேலைநிறுத்தத் தலைவர்களான எட்டரும் ஜியோவன்னிட்டியும் அந்த மரணத்துக்காகவே கைதாகி, மாதக்கணக்கில் சிறையிலிருந்து, நவம்பரில் விடுதலையானார்கள். உலகம் முழுதும் பேசிய வழக்கு அது. அந்தப் பெண்ணோ லாரன்ஸின் இம்மாக்குலேட் கன்செப்ஷன் கல்லறைத் தோட்டத்தில் எண்பத்தெட்டு ஆண்டுகள் அடையாளமின்றிக் கிடந்தார். 2000-ஆம் ஆண்டில்தான் கல் வைத்தார்கள். அவருடைய குடும்பப் பெயர் உண்மையில் அதுதானா என்பதிலும் ஆய்வாளர்களுக்கு ஐயம் இருக்கிறது.

வயதைப் பற்றிய பொய்களுக்கு லாரன்ஸே தந்த சாட்சி கமெல்லா டியோலி. அதே வேலைநிறுத்தத்தின்போது, 1912 மார்ச்சில், வாஷிங்டனில் காங்கிரஸ் குழுவின் முன் பேசிய சிறுமி. மில் வேலைக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, 4 டாலர் கொடுத்தால் அவளுக்கு 14 ஆகிவிட்டது என்று இத்தாலியிலிருந்து காகிதம் வரவழைப்பதாகச் சொன்னார். தந்தை கொடுத்தார், காகிதம் வந்தது, 13 வயதில் வேலைக்குப் போனாள். சில நாட்களில் இயந்திரம் கூந்தலைப் பிடித்துத் தலைத்தோலையே இழுத்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றது. வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலி தரவில்லை.

இந்தச் சாட்சியம் அச்சிட்ட அரசாங்க ஏட்டில் அப்படியே இருந்தது. 1970-களில் பால் கோவன் என்ற பத்திரிகையாளர் அதைப் படித்துவிட்டு லாரன்ஸுக்குப் போய்க் கமெல்லாவின் மகளைக் கண்டுபிடித்தார். தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தாயின் தலையில் முடி முளைக்காத இடத்தை மறைக்க அந்த மகள் கொண்டை போட்டுவிட்டிருக்கிறார். மில் விபத்து என்பது தெரியும். ஆனால் தாய் வாஷிங்டன் போய்ப் பேசியதும், நாடே அதைக் கேட்டதும் மகளுக்குத் தெரியாது. ஊரே அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசாமல் அடக்கி வைத்திருந்தது. வீடும் அப்படியே இருந்தது. குடும்பத்தில் கேட்டால் தெரியும் என்று நினைப்பவர்கள் இந்த மகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தாயின் வாழ்வில் நடந்த மிகப் பெரிய செயல் பொது ஆவணத்தில் இருந்தது, வீட்டில் இல்லை.

இதையொத்த இன்னொரு கதை, மெரிமாக்கிலிருந்து தொலைவில், வெர்மான்டின் நார்த் பவுனலில் நடந்தது. குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1910-ல் அங்குள்ள பஞ்சாலையில் ஒரு சிறுமியை நூற்பு இயந்திரத்தில் கையூன்றி நிற்கும்படி படமெடுத்தார். அழுக்குப் பாவாடை, வெறுங்கால். அந்தப் படம் 1998-ல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தது. பல பத்தாண்டுகளாக அவள் பெயர் ஆடி லேர்ட் என்றே வழங்கிவந்தது. அந்தப் பெயரில் தேடியவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. எழுத்தாளர் எலிசபெத் விந்த்ரப் 1910 கணக்கெடுப்புத் தாளையே எடுத்துப் பார்த்தபோது அது ஆடி கார்ட் என்று தெரிந்தது. பிறகு ஜோ மேனிங் என்ற ஆய்வாளரும் சேர்ந்துகொண்டார். திருமணத்தால் மாறிய பெயர்களைப் பதிவுகளில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனார்கள். 1993-ல், தொண்ணூறு வயதைக் கடந்து, நியூயார்க் மாநிலத்தின் இன்னொரு மில் ஊரான கோஹோஸில் அவர் இறந்திருந்தார். தன் முகம் நாடறிந்த முகமானது அவருக்கும் தெரியாது, அவருடைய வாரிசுகளுக்கும் தெரியாது. மேனிங் அத்தோடு நிற்காமல், 2021-ல் இறக்கும்வரை ஹைனின் படங்களில் உள்ள நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பின்வாழ்வைத் தேடிக் குடும்பங்களிடம் சேர்த்தார். புலமைப் பட்டங்களுக்காகச் செய்யும் ஆராய்ச்சிகளில் பலவற்றைவிட இது உயர்ந்த வேலை.

பெயர் மாறுவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்கள் சொல்லும். உண்மையில் பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் இருந்தவர்கள் அதைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகுதான், பள்ளிக்கூடத்திலும் மில் வாசலிலும் சொந்த விருப்பத்திலும். கியூபெக்கிலிருந்து வந்த புவாவேர் குடும்பங்கள் சில கிரீன்வுட் ஆயின, லெப்லாங்க் என்பது வைட் ஆனது, ருவா என்பது கிங் ஆனது. கியூபெக்கின் கத்தோலிக்கப் பதிவேடுகள் இதற்குக் கைகொடுக்கின்றன. அங்கே பெண் இறக்கும்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுவாள். அந்த வழக்கத்தோடு வந்த குடும்பங்களின் கல்லறைக் கற்களிலும் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கும். தாய்வழியைத் தேடுவோருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

காகிதங்களிலும் ஓட்டைகள் உண்டு. 1890 கணக்கெடுப்பு 1921-ல் வாஷிங்டனில் தீப்பிடித்துப் பெரிதும் சேதமடைந்தது, பிறகு ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. மில் ஊர்கள் வேகமாகப் பெருத்த இருபது ஆண்டுகள் அதனால் இருட்டாகிவிட்டன. அந்த இடைவெளியை ஆண்டுதோறும் அச்சிட்ட சிட்டி டைரக்டரிகள் நிரப்புகின்றன. யார் எந்தத் தெருவில், என்ன வேலை, சொந்த வீடா ஒண்டுக்குடித்தனமா என்று அவை சொல்லும். 1860 ஜனவரி 10 அன்று லாரன்ஸின் பெம்பர்டன் மில் தறிகளோடும் ஆட்களோடும் இடிந்து விழுந்து, இரவில் மீட்புப் பணியின்போது விளக்கு உடைந்து தீயும் பிடித்தது. இறந்தவர்கள் 88 என்பார்கள், 145 என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டின் கணக்கெடுப்போடு, ஜூன் 1-க்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களுக்குத் தனி அட்டவணை எடுத்தார்கள். பெம்பர்டன் சாவுகள் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. 1940 கணக்கெடுப்பில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. வீட்டில் யார் தகவல் சொன்னாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட குறி போட்டார்கள். வயது தப்பாக இருந்தால், சொன்னவர் மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா என்று பார்த்து எடைபோடலாம்.

லோவெலுக்குப் பக்கத்து ஊர் டியூக்ஸ்பரி. 1854-ல் மாநிலம் அங்கே ஏழை விடுதி ஒன்றைத் திறந்தது. மில் வேலையில் முடியாமற்போனவர்கள், கர்ப்பிணிகள், அநாதைகள் அங்கே சேர்ந்தார்கள். சேர்ப்பதற்கு முன் எழுத்தர் அவர்களை விசாரித்து, எங்கே பிறந்தாய், எந்தக் கப்பல், எங்கெல்லாம் வேலை செய்தாய் என்று எழுதிக்கொண்டார். யார் செலவை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கக் கேட்ட கேள்விகள் அவை. இன்று அந்தப் பதில்கள் குடும்பங்களுக்குப் புதையலாகிவிட்டன. ஹெலன் கெல்லரின் ஆசிரியையான ஆன் சல்லிவன், பஞ்சத்தில் வந்த ஐரிஷ் பெற்றோரின் மகள். 1876-ல் தம்பி ஜிம்மியோடு அங்கே விடப்பட்டார். தம்பி சில மாதங்களில் இறந்தான். விடுதியின் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கிடக்கிறார்கள். எஞ்சியிருக்கும் உலோக அடையாளங்களில் எண் மட்டுமே உண்டு. இந்த அரங்கில் உள்ளவர்களில் சிலர் மளிகை வாங்கப் போகும் சாலைக்கு அது தூரமில்லை.

தமிழர்களுக்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு 1,52,184 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம் எழுதினார்கள். ஆளைக் கணக்கில் வைக்க எழுதிய பட்டியல் அது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்று வேலூர், ஆற்காடு, திருச்சிப் பகுதிக் கிராமங்களைத் தேடி வருவது அந்தப் பட்டியலின் வரியைப் பிடித்துக்கொண்டுதான்.

அமெரிக்காவில் இப்போது வாழும் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரி கிடைக்குமா என்பதை இந்தத் தமிழ்ச் சங்கம் யோசிக்க வேண்டும். இந்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் தகனம் செய்கிறார்கள், கல் நிற்காது. குடும்பப் பெயரும் நிற்காது. முருகேசன் மகன் செல்வம் இங்கே செல்வம் முருகேசன் ஆகிறார். அவர் மகன் இனியன் செல்வம். மூன்று தலைமுறைக்கு மூன்று கடைசிப் பெயர்கள். குடும்பப் பெயர் ஒன்றே என்று நம்பித் தேடும் எந்த வலைத்தளமும் இங்கே தடுமாறும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பல படிவங்கள் இந்தியா, இலங்கை என்பதோடு திருப்தியடைகின்றன. திருநெல்வேலியா, வல்வெட்டித்துறையா என்று யாரும் கேட்பதில்லை.

மில் ஊர்களில் சிட்டி டைரக்டரி செய்த வேலையை இங்கே சங்கத்தின் ஆண்டு மலர் செய்யலாம். உறுப்பினர் பட்டியலில் இனிஷியலை விரித்து அச்சிடலாம். தாய் பிறந்த ஊர், தந்தை பிறந்த ஊர், தாலுகா, இந்நாட்டுக்கு வந்த ஆண்டு ஆகிய நான்கு விவரங்களை, தர விரும்புகிறவர்களிடம் மட்டும் கேட்டுச் சேர்க்கலாம். ஊரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் பின்னால் வருகிறவர் உச்சரிப்பை ஊகிக்க வேண்டியதில்லை. தகவல் தந்தவர் யார் என்பதையும் ஓரத்தில் குறிக்க வேண்டும். இறந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதியோடும் ஊரோடும் போடலாம். பழைய மலர்களை யாராவது வீட்டு நிலவறையில் வைத்திருந்தால் சங்கத்திடம் கொடுக்கட்டும். ஒவ்வொரு மலரிலும் இரண்டு பிரதிகளை உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் சேர்க்கக் கேளுங்கள். லோவெல், லாரன்ஸ் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடி முதலில் போய் நிற்பது அந்த அலமாரிகளின் முன்னால்தான்.